ஐம்பத்தெட்டு டன்

அவருக்கு அங்குலம் என்று பெயர் வைத்தது யார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. துறைமுக வாசலில் டீ விற்கிறவரிலிருந்து கிரேன் ஓட்டுகிறவர்வரை எல்லோருக்கும் அவர் அங்குலம்தான். இருபத்தாறு வருடமாகப் பெரிய சாமான் இழுக்கிறவர். கொதிகலன், காற்றாலை இறக்கை, ரயில் பெட்டி, ஒருதடவை முழுசாக ஒரு படகு. சாலையை அடைத்துக்கொண்டு போகிற எதுவானாலும் சரி, கிளம்புவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு தடவை அளப்பார். எல்லாம் தாளில் எழுதியிருக்கிறதே என்று யாராவது சொன்னால், "தாளா வண்டி ஓட்டுது? நான்தானே ஓட்டுறேன்" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒருமுறை கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுத் தாளை நம்பினார்.

அன்று ஏற்ற வேண்டியிருந்தது ஒரு ஷ்ரெட்டர். பழைய கார், லாரி டயர், துருப்பிடித்த பீரோ, எதைப் போட்டாலும் உள்ளங்கை அளவுக்குத் துண்டு துண்டாகக் கிழித்துத் தள்ளும் மிஷின். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பத்து வருடம் ஓடிவிட்டு, புதுசாகப் பச்சை பெயிண்ட் பூசிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கியிருந்தது. முந்நூற்று எண்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளி, பழைய இரும்பு ஆலை நடத்துகிற ஒருவர் அதை வாங்கியிருந்தார். மோட்டாரும் வெட்டுகிற பற்களும் தனிப் பெட்டிகளில் முன்பே போய்விட்டன. மிச்சம் இருந்தது உடம்பு மட்டும். மாடி வீட்டு உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. அதன் வாயைத் தகடு போட்டு மூடி, சுற்றிலும் பற்றவைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க என்று சொன்னார்கள்.

தாளில் எடை ஐம்பத்தெட்டு டன்.

சரக்கைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுப்பது, சாலை அனுமதி வாங்குவது, வண்டி பேசுவது எல்லாம் மாப்பிள்ளையின் கம்பெனி. மாப்பிள்ளை என்றால் அங்குலத்தின் ஒரே தங்கையைக் கட்டியவர். பேச்சில் தேன் தடவுகிற ஆள். காதில் செல்போன் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஆனால் வெறும் வாய்ச்சொல் வீரர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்குலம் முதுகு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இருபது நாளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர் அவர். நர்ஸ் வர நேரமானால் தன் கையாலேயே மலத்தட்டு எடுத்து வைத்தவர். "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்று அங்குலத்தின் வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிரேன் மிஷினைத் தூக்கும்போதே ஒரு முனகல் முனகியது. கிரேன்காரர் கூண்டிலிருந்து தலையை நீட்டி, "என்னய்யா இது, பிள்ளைத்தாச்சி யானை மாதிரி கனக்குது!" என்று கத்தினார். மாப்பிள்ளை உடனே ஏணியில் ஏறிப்போய் அவரிடம் ஏதோ பேசினார். இறங்கி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். கிரேன்காரர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அங்குலத்தின் டிரெய்லருக்குப் பத்து வரிசைச் சக்கரம், எண்பது டயர். அதன் விலாவில் நான்கு பிரஷர் மீட்டர்கள் உண்டு. மேலே எவ்வளவு கனம் உட்காருகிறதோ அதற்கு ஏற்ப முள் ஏறும். ஐம்பத்தெட்டு டன்னுக்கு முள் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். நான்கு முள்ளும் அந்த இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் நின்றன.

"மாப்பிள்ளை, கனம் சரியா வரலையே. எண்பதைத் தாண்டிக் காட்டுது."

"மீட்டர் பழசு மச்சான். வெயில்ல ஆயில் சூடாகியிருக்கும்."

"நாலு மீட்டரும் பேசிவச்சுக்கிட்டா பொய் சொல்லும்?"

மாப்பிள்ளை அவர் தோளில் கை போட்டார். "கப்பல்காரன் தாள், கஸ்டம்ஸ் தாள், ரோடு பர்மிட். மூணுலயும் ஐம்பத்தெட்டுதான். மூணு பேருமா முட்டாள்? இதுக்கு எடை போடணும்னா இந்த நீளத்துக்கு இங்க மேடை கிடையாது. இன்னொரு துறைமுகத்துக்குப் போகணும். பர்மிட் இன்னும் நாலு நாளோட முடியுது. என்னை நம்பமாட்டீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் அங்குலம் விழுந்தார். ஆஸ்பத்திரி நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. மீட்டர் மூடியைச் சாத்தினார்.

"இன்னொரு விஷயம் மச்சான். ஆலைக்கு முப்பது கிலோமீட்டர் முன்னாடி பழைய கல் குவாரி ஒண்ணு வரும். அங்க ஒரு நாள் வண்டியை நிறுத்திடுங்க. ஆலையில அஸ்திவாரம் இன்னும் காயலையாம். நம்ம ஆளுங்க வந்து பெயிண்ட் வேலை கொஞ்சம் பார்த்துட்டுப் போவாங்க."

டிரெய்லரின் பின்பக்கத்தில் உட்கார்ந்து பின் சக்கரங்களைத் திருப்புகிறவருக்கு வால் என்று பெயர். பதினைந்து வருடமாக அங்குலத்துடன் ஓடுகிறவர். முன்னால் தலை இங்கே, வால் அங்கே. நடுவில் நாற்பது மீட்டர். இரண்டு பேருக்கும் வாக்கி டாக்கிதான் உறவு. வால் மீட்டரைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"யோவ், எனக்குப் பிடிக்கல."

"மாப்பிள்ளை சொல்றார்ல."

"சரி. உன் மாப்பிள்ளை, உன் மீட்டர். எனக்கென்ன, நான் வால்தானே" என்று சொல்லிவிட்டு வால் தன் இருக்கையில் போய் ஏறிக்கொண்டார்.

முதல் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் ஓட்ட அனுமதி. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். முன்னால் மஞ்சள் விளக்குப் போட்ட பைலட் வண்டி, பின்னால் வால். வாக்கி டாக்கியில் வாலின் வாய் ஓயவே ஓயாது. பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களை எல்லாம் ஒவ்வொருவராக வர்ணித்துக்கொண்டே வருவார். "இப்ப ஒரு வெள்ளைக் கார் வர்றான் பாரு, மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போறவன் மாதிரி அவசரம்." அங்குலம் பதில் சொல்வதில்லை. ஆனால் அந்தக் குரல் இல்லாமல் அவருக்கு ஓட்ட வராது.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு ஆற்றுப் பாலத்துக்கு வந்தார்கள். தூணுக்குத் தூண் ஒரு கண்ணாக, மொத்தம் ஆறு கண் உள்ள பாலம். கீழே முழங்கால் அளவுத் தண்ணீரும் பாறையுமாக ஆறு. பாலத்தில் இவ்வளவு பெரிய வண்டி ஏறினால் வேறு எந்த வண்டியும் கூடவே இருக்கக் கூடாது. நடுக்கோட்டில்தான் போக வேண்டும். ஆள் நடக்கிற வேகம். கியர் மாற்றக் கூடாது, பிரேக் தொடக் கூடாது. பாலத்தின் இரண்டு முனையிலும் போலீஸ்காரர்கள் போக்குவரத்தை நிறுத்தினார்கள். பைலட் வண்டி முதலில் கடந்து அக்கரையில் போய் நின்றது.

அங்குலம் ஏறினார். முதல் கண், இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் எப்போதும் போலத்தான். நான்காவது கண்ணுக்கு வந்தபோது ஸ்டியரிங் வழியாக அவர் உள்ளங்கைக்கு ஏதோ வந்தது. சத்தம் இல்லை. நடுக்கமும் இல்லை. யாரோ கீழேயிருந்து வண்டியைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்த மாதிரி.

"வால்?"

"ம்."

"பின்னாடி எப்படி?"

வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல். பிறகு மிக மெதுவாக, கோபமே இல்லாத குரலில் வால் சொன்னார்: "நிறுத்தாத. என்ன ஆனாலும் நிறுத்தாத."

காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. அங்குலம் உட்கார்ந்திருந்த இழுவண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டது. கண்ணாடியில் வெறும் வானம் தெரிந்தது. அங்குலத்தின் கால் தன்னால் பிரேக் பக்கம் போனது. இருபத்தாறு வருடத்துப் பழக்கம் அது. அந்தக் காலைத் தன் கையாலேயே பிடித்து இழுத்துத் தள்ளி, மற்றக் காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி உறுமிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. முதுகுக்குப் பின்னால் உலகமே சரிகிற ஓர் ஓசை. அது எவ்வளவு நேரம் கேட்டது என்று பிற்பாடு பலர் அவரைக் கேட்டார்கள். அவரால் சொல்ல முடிந்ததில்லை.

அக்கரை மண்ணில் எண்பது டயரும் ஏறிய பிறகுதான் நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கினார். கால் தரையில் பட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

பாலத்தின் நான்காவது கண் இல்லை. அந்த இடத்தில் தூசி மட்டும் நின்றுகொண்டிருந்தது. கீழே கல்லும் கம்பியும் தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு கிடந்தன.

வால் டிரெய்லரின் பின்பக்கம் சங்கிலியைப் பிடித்தபடி சாலையில் குப்புறக் கிடந்தார். தளம் சரிந்தபோது இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, மிஷினைக் கட்டியிருந்த சங்கிலியின் நுனி கையில் அகப்பட, அதைப் பற்றிக்கொண்டு தொங்கியிருக்கிறார். கால் இரண்டும் ஆற்றுக்கு மேலே. வண்டி நகர்ந்ததால் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. வண்டி நின்றிருந்தால் இடிந்த கண்ணோடு அவரும் போயிருப்பார். முழங்கால் இரண்டும் தோலுரிந்திருந்தன. வலது மணிக்கட்டு போகக் கூடாத திசையில் மடங்கியிருந்தது. அங்குலம் அவர் விரல்களைச் சங்கிலியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"வால், பேசுய்யா. ஏதாவது பேசு."

வால் எதிர்க்கரையை, அதாவது அவர்கள் வந்த கரையை, கண்ணால் காட்டினார்.

அங்கே பாலத்தின் இரண்டாவது கண்ணில் ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரெய்லர் பாதிப் பாலத்தைத் தாண்டியதைப் பார்த்ததும் போலீஸ்காரர் அவசரப்பட்டு முதல் வண்டியை விட்டுவிட்டிருக்கிறார். பஸ்ஸுக்கும் பள்ளத்துக்கும் நடுவே மீதமிருந்தது ஒரே ஒரு கண். பஸ் டிரைவர் கதவைத் திறக்கவும் இல்லை, பின்னால் எடுக்கவும் இல்லை; ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் நிறைய முகங்கள். ஒரு பிள்ளைகூட அழவில்லை. அத்தனை பேரும் அந்தப் பள்ளத்தையும் அதற்கு இந்தப் பக்கம் நின்ற பச்சை மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதில் ஒன்று, என்ன நடந்தது என்று புரியாமல், அங்குலத்தைப் பார்த்துக் கையை ஆட்டியது.

அங்குலம் அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பதிலுக்குக் கையை ஆட்ட வேண்டும் என்று தோன்றியது. கை எழவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து வாலின் கையைக் கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள், வால் தலையாட்டி மறுத்துவிட்டு அங்குலத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் வந்தார். பத்தரை மணிக்குப் பாலங்களைப் பார்க்கிற இன்ஜினியர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உடைந்த விளிம்புவரை வெறுங்காலில் நடந்துபோய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து நேராக அங்குலத்தின் முன்னால் நின்றார்.

"டிரைவர் நீங்களா? பிரேக் போட்டீங்களா?"

"இல்லம்மா."

"ஓரமாப் போனீங்களா?"

"இல்லம்மா. நடுக்கோட்டுலதான். டயர் தடம் மூணு கண்ணுலயும் இருக்கு, போய்ப் பாருங்க."

"வண்டியோட சேர்த்து நூத்திப் பத்து டன்வரைக்கும் இந்தப் பாலம் தாங்கும். போன வருஷம்தான் நானே சோதனை பண்ணினேன். உங்க தாள் பிரகாரம் பார்த்தா நூத்தி மூணுதான். அப்போ இது எப்படி?"

அங்குலத்துக்கு மூடிவைத்த மீட்டர்கள் ஞாபகம் வந்தன.

அப்போதுதான் வால் முதல்முறையாக வாயைத் திறந்தார். "என்னமோ ஒழுகுது" என்றார்.

மிஷினின் அடிப்பக்கத்திலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய இடத்தில் தார் ரோடு நுரைத்தது. மூக்கைத் துளைக்கிற புளிப்பு நெடி. தூக்கிப் போட்டதில் மேல் தகட்டின் பற்றவைப்பு ஒரு பக்கம் விட்டுக்கொடுத்து, கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அங்குலம் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணி வைத்து ஏறினார். டார்ச்சை உள்ளே அடித்தார்.

காலியாக இருக்க வேண்டிய வயிறு. அதில் முக்கால்வாசிக்கு மேல் உடைந்த பேட்டரிகள். கார் பேட்டரி, லாரி பேட்டரி, கறுப்பு ஓடு, வெள்ளை ஓடு, நசுங்கிய ஈயத் தகடுகள், அவற்றுக்கு நடுவே அமிலம் மினுமினுத்தது. ஏதேதோ மொழிகளில் எழுத்துகள். யாரோ ஒரு நாட்டுக்காரர்கள் தங்கள் ஊரில் கொட்ட முடியாத விஷக் குப்பையை இதற்குள் திணித்து, மேலே மூடி போட்டு, பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. முப்பது டன் பூசணிக்காய்.

அங்குலம் ஏணியில் நின்றபடியே, "அம்மா, நீங்களே வந்து பாருங்க. எனக்குச் சொல்ல வரல" என்றார்.

மதியத்துக்குள் ஆலைக்காரர் வந்து சேர்ந்தார். புது மிஷின் வருகிற நாளென்று சலவைச் சட்டை போட்டிருந்தார். அவரும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். ஏணியின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். "நான் மிஷின்தானே வாங்கினேன்? காலி மிஷின்தானே வாங்கினேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"சார், உங்க ஆலையில அஸ்திவாரம் இன்னும் காயலைன்னு சொன்னாங்களே?" என்றார் அங்குலம்.

"காயலையா? போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. நேத்திலேர்ந்து கிரேனை வரவச்சுக் காத்துக்கிட்டு இருக்கேன். யார் சொன்னது?"

குவாரி. ஒரு நாள் நிறுத்தம். பெயிண்ட் வேலை. ஒவ்வொன்றாக வந்து அங்குலத்தின் நெஞ்சில் உட்கார்ந்தது. மாப்பிள்ளை வெறும் ஏமாளி இல்லை, எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறார். தெரிந்தேதான் தோளில் கை போட்டிருக்கிறார்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளையின் கார் வந்தது. பாலம் போய்விட்டதால் தொண்ணூறு கிலோமீட்டர் சுற்றி வந்திருந்தார்கள். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு தங்கை ஓடி வந்தாள். "அண்ணன் வண்டி ஆத்துல விழுந்துடுச்சு" என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். வந்தவள் அங்குலத்தின் முகத்தை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. அது அவளுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

"ஒண்ணும் இல்ல பாப்பா. முழுசா இருக்கேன். வாலுக்குத்தான் கை போச்சு. அவர்கிட்ட இரு."

மாப்பிள்ளை அவரை இழுவண்டியின் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் காதில் போன் இல்லை.

"மச்சான், நேரம் இல்ல. நான் சொல்றதை மட்டும் கேளுங்க. பாலத்து நடுவுல பயந்துபோய் பிரேக் அடிச்சிட்டேன்னு சொல்லிடுங்க. டிரைவர் தப்புன்னு போயிடும். லைசென்ஸை ஆறு மாசம் பிடிச்சு வைப்பாங்க, அவ்வளவுதான். வீட்டை நான் பார்த்துக்கறேன். உள்ள இருக்கிற சரக்குக்குக் கப்பல்காரன் பதில் சொல்லட்டும், நமக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியும் மாப்பிள்ளை."

"தெரிஞ்சா என்ன? எல்லாரும் பண்றதுதான். கல் குவாரிக் குழியில போட்டு மூடிட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்தப் பக்கம் ஸ்கூல் பஸ் நின்னுச்சு."

"ஒண்ணும் ஆகலல்ல?"

அங்குலம் அவரையே பார்த்தார். இருபது நாள் தன் பக்கத்தில் தூங்கிய முகம் இதுதானா என்று தேடினார். அதே முகம்தான். மூக்கு, மீசை, நெற்றியில் அந்தச் சின்னத் தழும்பு, எல்லாம் அப்படியே இருந்தன. அதுதான் தாங்க முடியவில்லை.

"நான் சொல்லமாட்டேன்" என்றார். "மீட்டர்ல பார்த்தது, நீங்க சொன்னது, குவாரி, எல்லாத்தையும் சொல்லப்போறேன்."

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். மிரட்டலாக இல்லை, ஏதோ நல்லது சொல்கிறவர் மாதிரி. "கம்பெனி யார் பேர்ல இருக்குன்னு தெரியுமா மச்சான்? பர்மிட்டோட கொடுத்த எடை உறுதிமொழியில யார் கையெழுத்துன்னு அந்த இன்ஜினியர் அம்மாகிட்ட வாங்கிப் பாருங்க. என் பேர் எங்கயும் கிடையாது. நீங்க வாயைத் திறந்தா உள்ள போறது உங்க தங்கச்சி."

பாலம் விழுந்தபோதுகூட அங்குலத்தின் காலுக்கு அடியில் தரை இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"என் கையெழுத்தா?"

இழுவண்டியின் முன்பக்கத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். வாலுக்குத் தண்ணீர் கொடுக்க பாட்டில் தேடி வந்தவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"நீ போய் வண்டியில உட்காரு" என்றார் மாப்பிள்ளை.

"என் கையெழுத்தான்னு கேட்டேன்."

"வழக்கமாப் போடுறதுதானே. அன்னிக்குக் காலையில நீட்டினேன், போட்ட."

"ஆமா. அடுப்புல பால் பொங்குதுன்னு அவசரமாப் போட்டேன். என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, சாதாரண தாள்னு சொன்னீங்க." அவள் குரல் உயரவில்லை. தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அண்ணே, அந்த வண்டியை நீங்கதான் ஓட்டப்போறீங்கன்னு இவருக்குத் தெரியும்ல? எவ்வளவு கனம்னும் தெரியும்ல?"

அங்குலம் தலையை மட்டும் அசைத்தார். அதற்கு மேல் அவளுக்கும் பதில் தேவைப்படவில்லை.

"பஸ்ஸுல எத்தனை பிள்ளைங்க?"

"எண்ணல பாப்பா. ஜன்னல் முழுக்க."

அவள் இன்ஜினியர் அம்மா நின்ற இடத்துக்கு நடந்தாள். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். "பாப்பா, யோசிச்சு..." என்று அங்குலம் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டரும் இன்ஜினியரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கையெழுத்து என்னோடது. கம்பெனியும் என் பேர்லதான். எடை என்னன்னு நான் பார்க்கல. என்னை என்ன செய்யணுமோ செய்ங்க. ஆனா எங்கண்ணன் பிரேக் அடிக்கல."

இன்ஜினியர் அம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

அங்குலம் அவள் பின்னாலேயே போய் நின்றார். "என்னையும் எழுதிக்குங்க சார். எடை அதிகம்னு மீட்டர்ல நான் பார்த்தேன். பார்த்துட்டு மூடியைச் சாத்தினேன். சொந்தக்காரர் சொன்னாரேன்னு எடுத்துட்டு வந்தேன். அது என் தப்பு."

"நானும் பார்த்தேன்" என்றார் வால் கீழே உட்கார்ந்தபடியே.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகக் கேட்டு எழுத ஆரம்பித்தார். மாப்பிள்ளையைக் கூப்பிடலாம் என்று அவர் தலையை நிமிர்த்தியபோது, கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். கார் வளைவில் திரும்பி மறைந்தது.

தங்கை அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "என் பை வண்டியிலயே இருக்கு அண்ணே" என்றாள்.

அவள் அன்று அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தாள். மறுநாளே வழக்கு பதிவானது. வக்கீல் வைத்து அவளை ஜாமீனில் எடுத்தார்கள். கணவன் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாள் என்பதற்குக் கம்பெனியில் கணக்கு எழுதியவரும், கனத்தைப் பற்றிப் பேசவிடாமல் மாப்பிள்ளை வாயை அடைத்ததற்குக் கிரேன்காரரும் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். "அவளுக்குப் பெரிய தண்டனை வராது, ஆனால் வழக்கு இழுக்கும்" என்றார் வக்கீல். அங்குலத்தின் லைசென்ஸை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்தார்கள். அதை அவர் மறுபேச்சில்லாமல் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். வாலின் மணிக்கட்டுக்குள் இரண்டு ஸ்டீல் கம்பி வைத்தார்கள். முகமூடி போட்ட ஆட்கள் எட்டு நாள் நின்று பேட்டரிகளைப் பீப்பாய்களில் அடைத்து, வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவதற்காகப் பூட்டி வைத்தார்கள். காலி மிஷினை வேறு யாரோ டிரைவர் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாலம் கட்ட இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஆற்றைக் கடந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம், அங்குலம் வக்கீலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, தங்கை சமையலறையில் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் செல்போன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேலே பாத்திரம் எதுவும் இல்லை.

"என்ன பாப்பா?"

"அவர் பேசினார் அண்ணே. ஏதோ புது நம்பர்லேர்ந்து."

அங்குலம் அடுப்பை அணைத்தார். "என்ன சொன்னார்?"

"சாப்பிட்டியான்னு கேட்டார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. தினமும் மத்தியானம் ஆபீஸ்லேர்ந்து கேப்பார்ல, அதே மாதிரி. அதே குரல்ல."

"நீ என்ன சொன்ன?"

"சாப்பிட்டேன்னு சொன்னேன்." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "போனை வச்ச பிறகுதான் யார்கிட்ட பேசினேன்னே உறைச்சுது. உடனே அந்த நம்பரை இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிட்டேன். ஆனா முதல்ல அப்படித்தான் அண்ணே வந்துச்சு. சாப்பிட்டேன், நீங்க சாப்பிட்டீங்களான்னு."

அங்குலம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அங்குலம் எழுந்து, காலியாக எரிந்த அந்த அடுப்பில் சோற்றுப் பானையை ஏற்றினார்.